கதிரையில் இருந்தது நானில்லை

1

எங்கட படலையடியில ஒரு மோட்டர்சைக்கிள் வேகம் குறைச்சால் போதும், நான் செய்யிற வேலையை விட்டிட்டு எழும்பிடுறன். திருகோணமலைக்கு வந்து இண்டைக்குப் பதினொரு நாள். லிங்கநகரில தம்பி அன்ரன் வீட்டில நிக்கிறன். தபால்காரர் வந்தாலும் சரி, காஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, நான் முதல்ல அறைக்குள்ள போய் யன்னல் சீலையை ஒரு விரல் அளவுக்கு விலத்திப் பாத்துப்போட்டுத்தான் மூச்சு விடுறன். நேற்றுப் பின்னேரம் படலை ஆடின சத்தத்துக்கு ஓடிப்போய் ஒளிச்சு நிண்டு பாத்தால், ஒரு மான் உள்ள வந்து தம்பியின்ர செவ்வரத்தையைக் கடிச்சுக்கொண்டு நிக்குது. அன்ரன் விழுந்து விழுந்து சிரிச்சவன். நான் அரை மணித்தியாலத்துக்கு அறையை விட்டு வெளியில வரேல்ல.

நோர்வேயில, பேர்கன் எண்ட மழை ஊரில, முப்பத்தொன்பது வருசம் இருந்திட்டன். அங்க இருந்து நான் இந்தப் பத்திரிகையில உங்களுக்கு எழுதினதெல்லாம் பனி, வரிக் கந்தோர், கோப்பை கழுவின கதை எண்டு சிரிப்புக் கதையள்தான். இது அப்பிடியில்லை. மூண்டு வருசத்துக்கு முதல் இந்த ஊரில நான் ஒரு பொய் சொன்னனான். பிலோமினா அக்காவின்ர உயிரைக் காப்பாத்தச் சொன்ன பொய். ஆனா அதைச் சுமந்தது அவதான். போன வருசம் சீனி வருத்தத்தில மோசம் போகுமட்டும் சுமந்தவ. வாற ஞாயிற்றுக்கிழமை அவவுக்கு ஆண்டுப் பூசை. அதுக்குத்தான் வந்தனான். அதோட அந்தப் பொய்யையும் எடுத்துப்போட வேணும். எடுத்தால் என்ன நடக்கும் எண்டு நினைக்கத்தான் இந்தப் பயமெல்லாம்.

2

முதல்ல நான் ஆர் எண்டு சொல்ல வேணும். இருவது வயசில, காசு வாங்கிக் களவா வெளிநாட்டுக்கு ஏத்துற ஏஜென்சி மூலம் வெளிக்கிட்டவள் நான். அந்தக் காலத்தில ஏஜென்சி எண்டால் எங்களுக்குக் கடவுள் மாதிரி. பேர்கனில ஒரு நாடகக் கொட்டகையின்ர படியள் துடைச்சுக்கொண்டு நிக்கேக்க ஒரு டைரக்டர் பாத்திட்டு, "உனக்கு நடிக்க விருப்பமா?" எண்டு கேட்டவர். எனக்கு அப்ப அவற்ர பாசை அரைவாசிதான் விளங்கும். துடைக்க விருப்பமா எண்டு கேக்கிறார் எண்டு நினைச்சு ஓமெண்டிட்டன்.

முதல் படத்தில நான் அகதிப் பெம்பிளை. குடிவரவுக் கந்தோரில நிண்டு அழ வேணும். அதே கந்தோரில அதே மாதிரிக் கதிரையில நான் நிசமாவே அழுது ரெண்டு வருசம் ஆகேல்ல. "உன்ர பாசையில ஏதாவது சொல்லி அழு" எண்டார். விடியத் துவங்கி ஒரு பாண் துண்டுதான் சாப்பாடு, குளிர் வேற. நானும் நெஞ்சில அடிச்சு, "அட கோதாரி விழுவானே, எனக்குப் பசிக்குது, இன்னும் எத்தினை தரமடா அழச் சொல்லுவாய், என்னை வீட்ட விடடா" எண்டு ஒப்பாரி வைச்சன். படம் ஓடேக்க சனம் தேம்பித் தேம்பி அழுதது. பின்வரிசையில ஒரு தமிழ்க் குடும்பம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினது.

அதுக்குப் பிறகு பதினைஞ்சு வருசமா எனக்கு வந்ததெல்லாம் அழுகை. அகதி, ஆஸ்பத்திரி துடைக்கிறவள், மகனைப் பறிகுடுத்த தாய். என்ர பேர் படத்தின்ர கடைசியில, ஆக்கள் எழும்பிக் கோட்டுப் போடேக்கதான் வரும். ஒரு நாள் விசர் பிடிச்சு, இனி ஒருத்தரும் எனக்கு அழச் சொல்லக்கூடாது எண்டு சின்னக் கமரா ஒண்டு வாங்கினன். மீன் பக்டரியளில வேலை செய்யிற எங்கட பெம்பிளையளைப் போய் எடுத்தன். ஆவணப்படக்காரி ஆனது அப்பிடித்தான். ஆவணப்படம் எண்டால் ஒரே ஒரு சட்டம், உள்ளதை உள்ளபடி காட்ட வேணும். நடிச்சுக் களைச்ச எனக்கு அது பெரிய ஆறுதல்.

என்ர மகள் மாயாதான் என்ர படங்களை வெட்டி ஒட்டுறவள். கெட்டிக்காரி. தமிழ் கேட்டால் விளங்கும், ஏசினால் இன்னும் நல்லா விளங்கும். வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. சனிக்கிழமையிலதான் எனக்கு ஷூட்டிங்கும். ரெண்டாம் வகுப்போட நிப்பாட்டிப் போட்டன். அது எங்க வந்து இடிக்கும் எண்டு அப்ப ஆருக்குத் தெரியும்?

3

மூண்டு வருசத்துக்கு முதல், வள்ளத்தில வெளிநாடு போன பொடியளைப் பற்றிப் படம் எடுக்கவெண்டு இங்க வந்தனான். ஒரு வீட்டிலயும் வாய் திறக்கேல்ல. தேத்தண்ணி தருவினம், பிள்ளையின்ர படத்தைக் காட்டுவினம், கமராவைக் கண்டால் எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவினம். பிலோமினா அக்கா ஒருத்திதான் ஓமெண்டவ.

துறைமுகப் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்னால உள்ள ஒழுங்கையில அவவின்ர வீடு. மனிசன் வின்சன்ற் மூதூர் போற லோஞ்சுப் படகில வேலை செய்து, மாரடைப்பில போனவர். ஒரே மகன் ஜூட். இருவத்திரண்டு வயசில திரியாய்ப் பக்கத்துக் கரையில வள்ளம் ஏறினவன், பிறகு ஒரு கதையும் இல்லை. ஏத்தின ஏஜென்சிக்காரன் இந்த ஊர் ஆள்தான். இப்ப பெரிய மனிசன், இரும்புச் சாமான் கடை வைச்சிருக்கிறார், திருநாளுக்குக் கொடியேத்தினால் முன்வரிசையில நிப்பார்.

"என்ர விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சவர் பிள்ளை" எண்டா அக்கா. "மகனை என்ர மகன் மாதிரிக் கொண்டு போய் விடுவன், நான் பொறுப்பு எண்டு மாதாவின்ர படத்தைத் தொட்டுச் சொன்னவர். வள்ளத்தைக் காணேல்ல எண்டு கேக்கப் போனால், எந்தப் பொடியன், எந்த வள்ளம் எண்டு கேக்கிறார். உங்களுக்கு வேற ஒருத்தரும் இல்லையே அக்கா, தனிய இருக்கிறீங்கள், கவனமா இருங்கோ எண்டும் சொல்லி விட்டவர்."

"பயமில்லையோ அக்கா?"

"பயம் இல்லாமல்? ஆனா இப்பவும் பொடியளை ஏத்துறார். முகம் வேண்டாம், பேர் வேண்டாம், குரலையும் மாத்து. சொல்லுறதைச் சொல்லுறன். ஒரு தாயாவது மகனை மறிச்சால் போதும்."

அவவை நான் கமராவுக்கு முதுகு காட்டி இருத்தினன். தலைக்குச் சீலைத் தலைப்பால முக்காடு. வீட்டில இருந்த மரக்கதிரை அசைய அசையக் கிறீச்சிட்டது, மைக்குக்குள்ள வேற ஒண்டும் கேக்கேல்ல. அதால பிளாஸ்ரிக் கதிரை ஒண்டைத் தேடி எடுத்தம். முகம் தெரியுதா எண்டு நாலு பக்கத்தாலயும் பாத்தன். தெரியேல்ல. லைற் முக்காட்டில வடிவா விழுந்தது. நடிகை புத்தி, எனக்கு லைற்றும் தோளும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது.

எங்கட கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் மோசம் போனால், ஆண்டுப் பூசையோட மண்டபத்துக்குக் கதிரையள் குடுக்கிறது. கதிரையின்ர முதுகில வெள்ளைப் பெயின்றால பேர் எழுதியிருக்கும். வின்சன்ற் அண்ணையின்ர பேரில அக்கா பன்ரெண்டு கதிரை குடுத்தவ. அதில கை வெடிச்ச ஒண்டைத் திருத்தித் தரச் சொல்லி கோயிலால திருப்பி விட்டிருக்கினம். நாங்கள் எடுத்தது அதை.

முகத்தை மறைக்கவெண்டு அவவைத் திருப்பி இருத்தினன் பாருங்கோ, அப்ப கமராவுக்கு நேர வந்தது அந்த முதுகுதான்.

4

முன்னோட்டம் பேர்கனில இருந்து வெளியானபோது நான் இன்னும் இங்கதான் நிண்டனான். அஞ்சாம் நாள் மீன் சந்தைக்குப் போனன். சூடை மீன் வாங்கிப்போட்டு, பழக்கதோசத்தில மீன்காரிக்கு "தக்" எண்டு நோர்வேப் பாசையில நன்றி சொல்லிப்போட்டுத் திரும்பிறன்.

"அக்கா, உங்கட படம் போனில பாத்தனான்" எண்டாள் அவள். "வின்சன்ற் அண்ணையின்ர கதிரை நல்ல வடிவாத் தெரியுது."

மீன் பையைக் கையில பிடிச்சபடி சந்தைக்கு வெளியால வந்து, ஒரு கடைத் தாழ்வாரத்தில நிண்டு போனில போட்டுப் பாத்தன். முக்காட்டுக்குக் கீழ, கதிரை முதுகில, வெள்ளை எழுத்து. பேரின்ர முன் பாதியைத் தொங்கிற சீலைத் தலைப்பு மறைக்குது. "சன்ற்" இருக்கு. "ஞாபகார்த்தம்" முழுசா இருக்கு. இந்த ஊரில பேர் அப்பிடி முடியிற, கதிரை குடுத்த குடும்பம் ஒண்டே ஒண்டுதான்.

மாயாவுக்கு எடுத்தன். அங்க விடிஞ்சு கொஞ்ச நேரம்தான்.

"அதை நீ காணேல்லையோடி? எழுத்து! எழுத்து!"

"கண்டனான் அம்மா. டிசைன் எண்டு நினைச்சன். வடிவா இருந்தது."

வாயில வந்தபடி ஏசினன். அவள் அழத் துவங்கினாள். அழுது முடிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே?" அந்தக் காட்சியை எடுத்தது நான். கமராவில பாத்தது நான். பிறகு கம்பியூட்டரில எத்தினையோ தரம் பாத்ததும் நான்தான். சின்ன வயசில இருந்து எல்லாப் பூசையிலயும் எல்லாச் செத்த வீட்டிலயும் கண்டு கண்டு, கதிரை முதுகில பேர் இருக்கிறது என்ர கண்ணுக்குப் பேராவே தெரியேல்ல.

முன்னோட்டத்தை இணையத்தில இருந்து எடுக்கச் சொல்லிப் படத்துக்குக் காசு தந்த நோர்வேக் கந்தோருக்கு எழுதினன். காரணத்தை ஒரு படிவத்தில நிரப்பித் தரட்டாம், பொறுப்பான ஆள் விடுமுறையாம், மூண்டு வேலை நாளாம். இங்க ஒரு மனிசியின்ர உயிர், அங்க வேலை நாள். கடைசியில எடுத்தவைதான். அதுக்குள்ள அது வட்ஸ்அப்பில மூதூர், கிண்ணியா எல்லாம் சுத்தி வந்திட்டுது.

5

அண்டைக்கே பிலோமினா அக்காவின்ர வீட்ட ஓடினன். கதவு பூட்டிக் கிடந்தது. தட்டினால் திறக்கேல்ல. "அக்கா, நான் ஸ்ரெல்லா" எண்டு மூண்டு தரம் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் கழண்டது.

அவ திறந்துபோட்டுத் திரும்பிப் போய்க் குசினியில வெறும் நிலத்தில இருந்திட்டா. முன்னுக்கு ஊத்தின தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

"ரெண்டு பேர் மோட்டர்சைக்கிளில வந்தவங்கள்" எண்டா. "நல்ல மரியாதையாத்தான் கதைச்சவங்கள். அம்மா, கதிரை ஒண்டு இருக்காமே, அதைத் தாங்கோ எண்டு கேட்டாங்கள். ஏனெண்டு கேட்டன். ஐயா பாக்க வேணுமாம் எண்டாங்கள். தூக்கி மடியில வைச்சுக்கொண்டு போயிட்டாங்கள்."

"வேற என்ன சொன்னவங்கள்?"

"வேற ஒண்டும் சொல்லேல்ல பிள்ளை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நான் அவவின்ர காலடியில இருந்து அழுதன். இது நடிப்பில்லாத அழுகை, மூக்கால ஓடுற அழுகை. "உங்களைப் படத்தில இருந்து முழுக்க வெட்டிப் போடுறன் அக்கா" எண்டன்.

"வெட்டு. வெட்டினால் அவங்கள் பாத்தது இல்லையெண்டு போகுமே?"

அன்ரன் வீட்ட கூட்டிக்கொண்டு போறன் எண்டன், வரமாட்டன் எண்டா. பொலிசுக்குப் போவம் எண்டன். என்னை ஒரு மாதிரிப் பாத்தா. கடைசியில அவதான் சொன்னா.

"கோயிலுக்குப் பன்ரெண்டு கதிரை குடுத்தனான். அதில ஊர்ச்சனம் முழுக்க இருக்கும். முக்காடு போட்டவளின்ர முகம் ஒருத்தருக்கும் தெரியாது. குரலையும் மாத்தித்தானே வைச்சிருக்கிறாய். நீ நடிகைதானே, ஸ்ரெல்லா? அதில இருந்தது நீ எண்டு சொல்லு."

எனக்கு முதல் வந்தது என்ன நினைப்புத் தெரியுமே? அவவின்ர உயிர் இல்லை. ஆவணப்படக்காரி சாட்சியைத் தானே நடிச்சவள் எண்டால் என்ர கதி என்ன எண்டதுதான். வெக்கத்தோடதான் எழுதுறன், ஆனா அதுதான் உண்மை.

6

அடுத்த நாள் காலமை அந்த ஆளின்ர கடைக்குப் போனன். அன்ரன் றோட்டுக்கு அங்கால சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். நான் பத்து நிமிசத்தில வராட்டில் உள்ள வாறன் எண்டவன். வந்து என்ன செய்யப் போறான், பாவம்.

கடைக்குள்ள கம்பி, ஆணி, பெயின்ற் வாளி. நடுவில அந்தக் கதிரை. அதைக் கண்டதும் சிரிச்சன். சிரிக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச தொழில்.

"அண்ணை, என்ர கதிரையைக் கொண்டு வந்திட்டீங்களாம்? கோயில் மண்டபத்துச் சாமான், நான் இரவல் வாங்கினது, படம் எடுத்து முடிய அக்கா வீட்டில வைச்சனான். திருப்பிக் குடுக்காட்டில் பங்குச் சுவாமி என்னை ஏசுவார்."

அந்த ஆள் மெல்லிசான, அமைதியான மனிசன். கணக்கா வெட்டின மீசை. "ஓ, தங்கச்சிதான் இருந்ததோ?" எண்டார். "நான் எங்கட பிலோமினாக்கா எண்டெல்லோ நினைச்சன்."

"அவ எங்கயண்ணை கமராவுக்கு முன்னால இருக்கிறது? கேட்டனான், ஒரு வார்த்தை கதைக்கேல்ல. நோர்வேக்காரருக்கு அழுகை வேணும். இப்பிடி நாலைஞ்சு வீட்டுக் கதையைச் சேத்து நானே இருந்து அழுது குடுத்தனான்."

அவர் சிரிக்கேல்ல. ஒரு துணி எடுத்து அந்தக் கதிரையின்ர இருக்கையை ஆறுதலாத் துடைச்சார்.

"எங்க, ஒருக்கா நடிச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

நான் கதிரையில இருந்தன். அவருக்கு முதுகு காட்டி. தோளில கிடந்த சால்வையை எடுத்து முக்காடு போட்டன். பின்னால அவர் போனை எடுத்து முன்னோட்டத்தை ஓட விடுற சத்தம் கேட்டது. என்ர முதுகையும் போனையும் மாறி மாறிப் பாக்கிறார் எண்டு விளங்கினது. பிலோமினா அக்கா சொன்ன ஒவ்வொரு வசனமும் எனக்கு மனப்பாடம், வெட்டி ஒட்டேக்க அத்தினை தரம் கேட்டிருக்கிறன். அவ மூச்சு எடுத்த இடத்தில மூச்சு எடுத்தன். அவ நிப்பாட்டின இடத்தில நிப்பாட்டினன். "என்ர விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சவர். என்ர மகன் மாதிரிக் கொண்டு போய் விடுவன் எண்டவர். மாதாவின்ர படத்தைத் தொட்டவர்." தொட்டவரின்ர கைக்கும் என்ர பிடரிக்கும் இடையில ஒரு முழம்கூட இல்லை.

முடிச்சன். திரும்பிப் பாக்கவும் பயம், திரும்பாமல் இருக்கவும் பயம்.

"நல்லா அழுறீங்கள் தங்கச்சி" எண்டார் கடைசியில. "வெறும் கதையெண்டாலும் பாக்கிற எனக்கே ஒரு மாதிரிப் போச்சு." ஆள் அனுப்பி எனக்கு ஒரு சோடா எடுப்பிச்சார். நான் குடிச்சன். குடிச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தார். "நாடகம் எண்டு சனத்துக்கும் சொல்லி விடுங்கோ. பாவம், தனிய இருக்கிற மனிசியைப் பற்றி வீணாக் கதைக்கினம்."

கதிரையைத் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்தது தெரியும். அதுக்குப் பிறகு அன்ரன் என்ன சொன்னவன், எப்பிடி வீட்ட வந்தனாங்கள் எண்டது ஒண்டும் எனக்கு ஞாபகமில்லை.

7

அவர் சொன்னபடி செய்தன். சந்தையில சொன்னன், கோயில் வாசலில சொன்னன். பேர்கன் கந்தோருக்கு எழுதிக் குடுத்தன். அவையின்ர படிவத்தில ஒரு கேள்வி இருக்கு, படத்தில நடிக்கப்பட்ட காட்சி ஏதும் உண்டா எண்டு. ஓம் எண்டதில சரி போட்டன். படம் அலுமாரிக்குள்ள போச்சு. பிறகு எனக்கு ஒருத்தரும் படம் தரேல்ல. இப்ப ஒரு வயோதிபர் மடத்தில சமைக்கிறன். அதெல்லாம் பெரிய காரியமில்லை, வாழலாம்.

பிலோமினா அக்காவிட்ட அதுக்குப் பிறகு மோட்டர்சைக்கிள் வரேல்ல. பொய் வேலை செய்தது. ஆனா அவவுக்கு அது எப்பிடி இருந்தது எண்டு நான் யோசிக்கேல்ல. கோயிலில ஆக்கள் அவவிட்டயே கேப்பினமாம், "ஸ்ரெல்லா எப்பிடி நடிச்சவள், என்ன?" எண்டு. பெத்த மகனை விழுங்கின கதையை அவ நடிப்பெண்டு ஒத்துக்கொள்ள வேணும். "ஓம், நல்லா நடிச்சவ" எண்டு சொல்லுவாவாம். இதை அவ எனக்கு ரெலிபோனில சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. நானும் சேந்து சிரிச்சன், புத்தியில்லாத மொக்கு.

ஒரே ஒரு நாள்தான் என்னை ஏசினவ. மூதூருக்குக் கிட்ட கட்டைபறிச்சானில ஒரு தாய், முன்னோட்டத்தைப் பாத்துப்போட்டு மகனை மறிச்சு வைச்சிருந்தவவாம். பிறகு அது நாடகமாம் எண்டு கேள்விப்பட்டுப் போக விட்டிட்டா. பொடியன் வள்ளம் ஏறிட்டான். போய் நாலு மாசமா ஒரு செய்தியும் இல்லை. அந்தத் தாய் கோயிலுக்கு வந்து பிலோமினா அக்காவின்ர கையைப் பிடிச்சு, "அக்கா, அந்தக் கதை உண்மையில்லைத்தானே? சும்மாதானே?" எண்டு கேட்டிருக்கிறா.

"நான் என்னடி சொல்லுறது?" எண்டு ரெலிபோனில கத்தினா அக்கா. "சும்மாதான் எண்டு சொன்னன்! என்ர வாயால சொன்னன்! நான் சொல்லித்தான் நீ நடிச்சனி, எனக்குத் தெரியும். ஆனா நான் செத்தால் அந்தப் பொய்யை எடுத்துப் போடு. எடுக்காட்டில் உன்னை மன்னிக்கமாட்டன்."

எடுப்பன் எண்டு வாக்குக் குடுத்தன். ரெண்டு மாசம் கழிச்சு அவ மோசம் போயிட்டா.

8

ஒரு வருசமா நான் இதை எழுதேல்ல. எழுதுற நேரமெல்லாம் ஏதாவது சாட்டு வரும். உண்மையான சாட்டு ஒண்டுதான், பயம். பேர்கனில இருந்து எழுதலாம், அங்க எனக்கு ஒண்டும் வராது. போன கிழமை அன்ரனுக்குச் சொன்னன், போய் இறங்கின பிறகு பத்திரிகைக்கு அனுப்புறன் எண்டு. அவன் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சான்.

"அக்கா, நீங்கள் பிளேன் ஏறின பிறகு இது வந்தால் அவங்கள் ஆரிட்ட வருவாங்கள்? என்னட்ட. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல, அவவுக்கு வாக்குக் குடுத்தனீங்கள். ஆனா போடுறதெண்டால் இங்க நிண்டுகொண்டு போடுங்கோ."

அவன் சொல்லுறது நியாயம். நான் எப்பவும் ஏறிப் போனவள்.

அதால டிக்கெற்றை மாத்தினன். விசா நீடிப்புக்குப் போனன். பிறந்த ஊரில நிக்க எனக்கு விசா வேணும், அது வேற கதை. அங்க இருந்த பிள்ளை, "என்னத்துக்கு அன்ரி இன்னும் நிக்கிறீங்கள்?" எண்டு கேட்டுது. குடும்ப அலுவல் எண்டு எழுதச் சொன்னன். மாயா ஒவ்வொரு நாளும் எடுத்து, "அம்மா, வாங்கோ, ப்ளீஸ்" எண்டு அழுறாள். அவளின்ர தமிழில பயம் நல்லா விளங்குது.

இதை இப்ப பத்திரிகைக்கு அனுப்புறன். ஞாயிற்றுக்கிழமை, பூசை நாள் வெளிவரும். அந்த ஆளின்ர பேரை நான் எழுதேல்ல, அக்காவும் படத்தில சொன்னதில்லை. மற்றதெல்லாம் இதுதான்.

கதிரையில் இருந்தது நானில்லை. அது பிலோமினா அக்கா. அவ சொன்னதில ஒரு சொல்லும் நடிப்பில்லை. அவவின்ர மகன்ர பேர் ஜூட். அவனை ஏத்தின ஆள் இப்பவும் இந்த ஊரில இருந்து பொடியளை ஏத்துறார். கட்டைபறிச்சான் அம்மா, உங்கட கையைப் பிடிச்சு அவ பொய் சொன்னது என்னாலதான். உங்களிட்ட நானே வருவன்.

மகன் வள்ளம் ஏற நிக்கிற தாய்மார் ஆரும் இதை வாசிச்சால், அவனை மறியுங்கோ. நம்பிக்கையில்லாட்டில் வந்து என்னட்டக் கேளுங்கோ. வேற கேள்வியோட வாற ஆக்களும் என்னட்டத்தான் கேக்க வேணும், தம்பியிட்ட இல்லை. லிங்கநகரில நிக்கிறன். சரியான பயத்தோடதான் நிக்கிறன்.